பறவைகளை மட்டும் எழுதிய வருடம்

எங்கள் துறையில் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். பச்சைப் பின்னணி, வெள்ளை எழுத்து, மூலையில் ஒரு கொக்கின் படம். "அமைதி வலயம். மீன்பிடித் தோணிகள் நுழையக் கூடாது. பறவைகள் மீண்டு வரும் இடம்" என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே, குனிந்து பார்த்தால் மட்டும் தெரியும் சின்ன எழுத்தில், "உள்ளூர்ப் பதிவுகளின் அடிப்படையில்."

அந்த உள்ளூர்ப் பதிவு என்னுடையது. இந்த ஆத்திரத்தை வேறு யாரிடமும் முழுதாகக் கொண்டுபோய்க் கொட்ட முடியாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

நான் உப தபால் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒவ்வொரு நாளும் அலுவலகக் கதவைத் திறந்தவுடன் முதல் வேலை, முத்திரையில் நேற்றைய திகதியைக் கழற்றி இன்றைய திகதியைப் பூட்டுவது. பிறகு ஒரு வெற்றுத் தாளில் குத்திப் பார்ப்பது. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. என் வீட்டின் பின்மதில் வாவிக்கரையில் முடிகிறது. அங்கே ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, கண்ணில் படுவதைத் திகதி போட்டு எழுதத் தொடங்கினேன். முகத்துவாரம் எப்போது வெட்டினார்கள், எப்போது மணல் மூடியது, கூழைக்கடா எந்த வாரம் வந்தது, தண்ணீர் எந்த மாதம் உப்புக் கரித்தது. இதையெல்லாம் யாருக்காகவும் எழுதவில்லை. பழைய ஒல்லாந்தர் கால அறிக்கைகளையும் வெள்ளைக்கார அரசாங்க ஏசண்டுமாரின் நாட்குறிப்புகளையும் வாசித்து வாசித்து வந்த பழக்கம். எழுதியவர்கள் என்னத்தை எழுதாமல் விட்டார்கள் என்று அவற்றில் தேடுவது எனக்குப் பிடித்த வேலை. அதே கண்ணை என் கொப்பியின் மேல் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

மதிலுக்கு அங்கால்தான் துறை. ஏழெட்டுத் தோணிகள் ஏறி இறங்கும் இடம். அதில் ஒன்று என் தங்கச்சியின் புருசனுடையது. மச்சான் விடிகிற நேரம் இறங்குவார். இரண்டு தோணி சேர்ந்து வலையை வளைத்துப் போட்டுவிட்டு, துடுப்பால் தண்ணீரை அடித்து மீனைக் கலைத்து வலைக்குள் ஓட்டுவார்கள். அந்தச் சத்தத்தில்தான் எங்கள் பக்கம் விடியும். வெயில் ஏற முன்னம் கரைக்கு வந்து வலையை உதறுவார்கள். மணலை மீனும் இறாலும் கூடைக்குப் போகும். விலைக்கு ஆகாத பொடி மீன் மணலிலேயே விழுந்து கிடக்கும். பின்னேரம் அதே தோணியைக் கழுவி, பாய் விரித்து, வெளிநாட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு சதுப்பில் வளரும் கண்ணாப் பற்றைகளின் ஓரமாகப் போவார். திரும்பி வரும்போது தங்கச்சி முற்றத்தில் நண்டுக் கறியும் சோறும் வைத்திருப்பாள். இதற்கு யாரும் நிலைபேறான சுற்றுலா என்று அப்போது பெயர் வைக்கவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பிறகு நோய் இரண்டு மூன்று அலையாக வந்துபோனது. பிறகு எரிபொருள் இல்லாத வருடம். பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்குச் சுற்றுலா ஏது? அதிலிருந்து எழும்பி, ஆட்கள் மெல்ல வரத் தொடங்கிய நேரம் போன கார்த்திகைப் புயலும் வெள்ளமும். மச்சானின் தோணி அடுத்த வளவின் வேலிக்கு மேல் கிடந்தது. நாலு பேர் சேர்ந்து இறக்கினோம். ஒரு பக்கப் பலகை வெடித்திருந்தது. தைப்பொங்கலுக்கு முன்பே அதைச் சரிக்கட்டித் தண்ணீரில் விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகுதான் திட்டக்காரர்கள் சுற்றுலாவை "மீளக் கட்டியெழுப்ப" வந்தார்கள்.

வந்த உத்தியோகத்தர் ஓர் இளம் பெண். கொழும்பிலிருந்து வந்தவர், நல்ல தமிழ். சமூகத்திடமிருந்து தரவு சேர்க்கிறோம் என்றார். யாரோ என் கொப்பியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். நான் தேத்தண்ணி கொடுத்து, அலுமாரியைத் திறந்து காட்டினேன். அவர் 2020ஆம் வருடத்துக் கொப்பியை எடுத்துப் புரட்டிவிட்டு, "ஐயா, இப்படி ஒரு பதிவு எங்களுக்கு வேற எங்கயும் கிடைக்கேல்ல" என்றார். இத்தனை வருடத்தில் என் கொப்பியை மெச்சிய முதல் ஆள் அவர். அந்தக் கொப்பியை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்து, ஊரடங்கு மாதங்களை மட்டும் துப்புரவான கையெழுத்தில் பிரதி எடுத்துக் கொடுத்தேன். எடுக்கும்போது தேவையில்லாதது என்று தோன்றியதையெல்லாம் விட்டேன். நாய்கள், பொலிஸ் ஜீப், அரிசி லொறி வராத நாள். பறவையும் தண்ணீரும் மட்டும் மிஞ்சின.

யாரும் என்னிடமிருந்து திருடவில்லை. நானே கழுவித் துடைத்துத் தட்டில் வைத்துக் கொடுத்தேன்.

பலகை நட்ட அன்று பின்னேரம் மச்சான் வந்தார். வழக்கமாகக் குசினி வாசலால் வருபவர், அன்று முன்வாசலால் வந்து நின்றார். தங்கச்சி பின்னால் நின்றாள்.

"மச்சான், அந்தப் பலகையில கிடக்கிறது உங்கட எழுத்தாம். மெய்யா?"

"என்ட எழுத்தில்ல. என்ட கொப்பியில இருந்து எடுத்தது."

"அப்ப உங்கட எழுத்துத்தானே. என்னத்தகா எழுதினீங்க? மச்சான்ட தோணியத் தூக்கி வேலிக்கு மேல போடுங்க எண்டா? அதப் புயலே செஞ்சிட்டே."

கொப்பியை எடுத்து வாசித்துக் காட்டினேன். ஊரடங்கு தொடங்கி இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை. "துறையில் ஒரு தோணியும் இறங்கவில்லை. தண்ணீர் அடி தெரிகிறது. கொக்குகள் மதிலருகே நிற்கின்றன. இவ்வளவு கிட்ட இதற்கு முன் வந்ததில்லை. மனிதர் விலகப் பறவைகள் தம் இடத்துக்கு மீள்கின்றன."

கடைசி வசனத்தை வாசிக்கும்போதே குரல் இறங்கிவிட்டது. எழுதிய நேரம் அந்த வசனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மச்சான் சிரித்தார். கோபக்காரர் சிரிக்கும் சிரிப்பு.

"மீண்டு வந்ததா? அது பசிக் கொக்கு மச்சான். நாங்க வலைய உதற விழுற பொடி மீன் திண்டு பழகினதுகள். நாங்க இறங்கல்ல எண்டவுடன கரையில வந்து நிண்டு எங்களத் தேடினதுகள். மறுகா உங்கட மதிலுக்க வந்ததுகள். உங்களுக்குக் காட்சி குடுக்கவா? குசினிப் பக்கம் மீன் தலை விழுமா எண்டு பாக்க."

"அப்பிடியெண்டா மறுகா ஏன் வரல்ல?"

"அத நீங்கதானே எழுதியிருப்பீங்க. பாருங்க."

பார்த்தேன். இருந்தது. மூன்றாம் வாரத்திலிருந்து மதிலருகே கொக்கு என்ற சொல் குறைந்துகொண்டே போகிறது. வைகாசி நடுவில் "இன்று ஒன்றுமில்லை" என்று தொடர்ந்து நாலு நாள். அனுமதிச் சீட்டோடு தோணிகள் மறுபடி இறங்கிய கிழமை "கொக்குகள் கூட்டமாக" என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். இரண்டையும் எழுதியவன் நான். இரண்டையும் சேர்த்து வாசிக்கத் தெரியாதவனும் நான். பிரதியில் வைகாசி நாலு நாளையும் விட்டிருந்தேன். ஒன்றுமில்லாத நாளை ஏன் எழுதிக் கொடுப்பது என்று.

பின்னால் நின்ற தங்கச்சி முன்னுக்கு வந்தாள்.

"அண்ணன், அந்த ரெண்டாவது கிழம நான் மூணு தரம் உங்கட படலையடி வரைக்கும் வந்தன். அரிசி கேக்க. நீங்க மதிலடியில கொப்பியோட இருந்தீங்க. கேக்காமலே கிறுகி வீட்ட போயிட்டன்."

"கூப்பிட்டிருக்கலாமே புள்ள."

"உங்களுக்குக் கொக்குப் பறந்திடும் எண்டு நினைச்சன்."

அவள் அதைப் பகிடியாகச் சொன்னாளா, குத்திச் சொன்னாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என் ஓய்வூதியம் அந்த மாதங்களில் ஒன்றுகூடத் தவறவில்லை. அரிசி வீட்டில் இருந்தது. படலைக்கும் மதிலுக்கும் இடையில் முப்பது அடிதான் இருக்கும். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போன பிறகு திட்ட அறிக்கையை வரவழைத்து முழுதாக வாசித்தேன். எனக்கு ஆத்திரம் ஏறியது எந்த இடத்தில் என்று சரியாகச் சொல்ல முடியும். ஊரடங்கு மாதங்களை அவர்கள் "அடிப்படை நிலை" என்று எடுத்திருக்கிறார்கள். வாவி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அளவுகோல், அதில் யாரும் இறங்காத அந்த மாதங்கள். என் தங்கச்சி உலையில் போட அரிசியில்லாமல் நின்ற கிழமைக்கு வாவியைத் திருப்பிக் கொண்டுபோவதுதான் அவர்களுடைய மீட்சி. ஆனால் அமைதி என்பது எல்லோருக்குமல்ல. மின்சார மோட்டார் பூட்டிய படகுகள் அந்த வலயத்துக்குள் போகலாம், பயணிகளை ஏற்றிக்கொண்டு. அப்படியொரு படகு எங்கள் துறையில் யாரிடமும் இல்லை. கரையோரத்துப் புது விடுதியில் இரண்டு நிற்கின்றன. மச்சானின் தோணி மீனுக்கும் போகக் கூடாது, பயணிக்கும் போகக் கூடாது.

அதே விடுதியின் கழிவுக் குழாய் வாவிக்குள்தான் திறக்கிறது. நாற்றம் தொடங்கிய கிழமை என் கொப்பியில் இருக்கிறது. அதை அவர்கள் கேட்கவில்லை. அங்கே பலகையும் இல்லை.

ஒரு புதன்கிழமை மக்கள் கருத்துக் கூட்டம் வைத்தார்கள். மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகள், மேசையில் தண்ணீர்ப் போத்தல்கள். பிளாஸ்டிக் ஒழிப்பைப் பற்றிய சுவரொட்டிக்குக் கீழே அவற்றை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். திட்டத் தலைவர் படம் காட்டிப் பேசினார். அந்த இளம் உத்தியோகத்தர் ஓரமாக இருந்தார். நான் மூலக் கொப்பியைக் கொண்டு போயிருந்தேன். எழும்பி, நான் கொடுத்த பிரதி குறைப் பிரதி, அதை வைத்து முடிவெடுக்க முடியாது, முழுக் கொப்பியும் இதோ என்றேன்.

"நன்றி ஐயா. ஆனா தரவு சேகரிப்புக் கட்டம் முடிஞ்சிட்டு" என்றார் தலைவர்.

"தரவு பிழை எண்டு தந்தவனே சொல்லுறன்."

"அதை ஓர் அடிக்குறிப்பாகச் சேர்க்கலாம்."

"அந்தக் குழாய்?"

"அது இந்தத் திட்டத்தின் எல்லைக்குள் வராது."

எனக்குப் பின்னால் ஒரு கதிரை கிரீச்சிட்டது. காத்தான்குடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் எழும்பினார். பத்து வருடத்துக்கு மேலாக மச்சானிடம் மீன் எடுப்பவர்.

"சேர், பறவைய நானும் விரும்புறன். ஆனா உங்கட ஆக்கள் வந்து என்ட கடையில குந்தினா நான் என்னத்தகா ஆக்கிக் குடுக்கிற? கொக்கா?"

மண்டபம் சிரித்தது. தலைவரும் சிரித்தார். அவருக்கு ஒரு பதில் தயாராக இருந்தது. பாதிக்கப்படும் குடும்பங்களை ஒதுக்கிவிடவில்லை, சனிக்கிழமைகளில் மரபு மீன்பிடிக் காட்சி ஒன்று ஏற்பாடு செய்கிறோம், அதில் தோணிக்காரர்கள் பங்குபற்றலாம் என்றார்.

மச்சான் இருந்த இடத்திலேயே கேட்டார். "மீன் பிடிக்கவா, பிடிக்கிற மாதிரி நிக்கவா?"

"வலையை வீசிக் காட்டினால் போதும். பிடிக்க வேண்டியதில்லை. பயணிகள் படம் எடுப்பார்கள்."

"அப்ப மீனுக்கும் சொல்லி வைங்க சேர். சனிக்கிழமையில வந்த மாதிரி நிக்கச் சொல்லி."

இந்த முறை தலைவர் சிரிக்கவில்லை. எல்லாக் கருத்தையும் கவனமாகப் பரிசீலித்து முடிவைத் தபாலில் அறிவிப்பதாகச் சொல்லிக் கூட்டத்தை முடித்தார். வெளியே வரும்போது அந்த இளம் உத்தியோகத்தர் என் பக்கத்தில் வந்து, "ஐயா, நான் முழுக் கொப்பியையும் ஸ்கான் பண்ணியிருக்கலாம்" என்றார். அவர் கேட்டிருந்தாலும் நான் பிரதியைத்தான் கொடுத்திருப்பேன். கையெழுத்து அழகாக இருந்தது அதில்தான்.

கடிதம் அதே கிழமை வெள்ளிக்கிழமை வந்தது. மச்சான் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்தார். "நீங்களே வாசிங்க. தபால் உங்கட சாமான்தானே."

தபாலதிபராக இருந்தவன் முதலில் உறையைத்தான் பார்ப்பான். முத்திரை செவ்வாய்க்கிழமை குத்தியது. நல்ல கறுப்பு மையில், ஓர் இலக்கமும் மங்காமல், யாரோ கவனமாகக் குத்தியிருந்தார்கள். உள்ளே கடிதம் திங்கட்கிழமைத் திகதியில். முதல் வசனம் இது: "மக்கள் கருத்துக் கூட்டத்தில் தெரிவிக்கப்பட்ட கருத்துகள் அனைத்தும் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டதன் பின்னர்." துறை மூடப்படும், எதிர்ப்பு ஏற்றுக்கொள்ளப்படவில்லை என்று மிச்சம்.

கூட்டம் புதன்கிழமை.

இரண்டு தரம் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாம் தரமும் பார்த்தேன். புதன்கிழமை பேசவிருந்ததைத் திங்கட்கிழமையே கவனமாகப் பரிசீலித்து, செவ்வாய்க்கிழமை தபாலில் போட்டிருக்கிறார்கள். காத்தான்குடிக்காரர் எழும்பி நின்றதும், மச்சான் கேட்டதும், நான் கொப்பியைத் தூக்கிக் காட்டியதும், உறை ஒட்டி ஒரு நாள் கழித்துத்தான். எங்களை மண்டபத்துக்குக் கூப்பிட்டது கருத்துக் கேட்க அல்ல. சனிக்கிழமைக் காட்சிக்கு ஒத்திகை பார்க்க. பேசுகிற மாதிரி நின்றோம், படம் எடுத்தார்கள்.

மச்சானுக்குக் காட்டினேன். அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பிழையா விழுந்த முத்திரையா இருக்காதா?"

"முத்திர பிழைச்சா கடிதமும் சேந்து பிழைக்குமா? இவனுகளுக்கு நாளும் தேவைப்படல்ல, ஆளும் தேவைப்படல்ல."

"இவனுகள்" என்றொரு சொல் என் வாயில் வந்து அவர் கேட்டதில்லை. பலகை நட்ட பிறகு முதல் தரமாக அன்று குசினி வாசலால் உள்ளே வந்து இருந்தார்.

மேல்முறையீடு எழுத வேண்டும். வெறும் உறையை மட்டும் இணைத்தால், எழுத்தர் பிழை என்று சொல்லித் தப்பிவிடுவார்கள். கொப்பியும் போக வேண்டும், இந்த முறை முழுதாக. ஞாயிறு பின்னேரம் தங்கச்சியையும் மச்சானையும் கூப்பிட்டு, 2020ஐ மேசையில் விரித்தேன். நான் திகதியை வாசிப்பேன். அவர்கள் அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்வார்கள். ஓரத்தில் எழுதுவேன். அவர்களுக்குத் திகதி ஞாபகமில்லை, எனக்கு நடந்தது தெரியாது. இரண்டையும் பொருத்த வேறு வழியிருக்கவில்லை.

"பங்குனி கடைசி வியாழன். கூழைக்கடா தெற்கே பறந்தன. மேகம்."

"மேகம் எண்டா அண்டைக்குத்தான் தோணியக் கவிழ்த்து வச்சது" என்றார் மச்சான். "வெயில் அடிச்சா வெடிக்கும் எண்டு ஓலையால மூடினன். மறுகா அதுக்குப் பக்கத்திலேயே இருந்தன். வேற என்ன செய்யிற?"

"சித்திரை முதல் சனி. தண்ணீர் தெளிவு. இறால் குஞ்சுகள் கரையில்."

"முருங்கை இலையும் உப்பும்" என்றாள் தங்கச்சி. "அதுக்கு முந்தின நாளும் அதுதான். எழுதுங்க."

எழுதினேன். மூன்று மணி நேரம் போனது. நடுவில் ஒரு திகதிக்கு வந்தபோது அவள் மச்சானைப் பார்த்தாள். மச்சான் வெளியே பார்த்தார். "அத விடுங்க அண்ணன்" என்றாள். அந்த ஓரத்தை வெறுமையாக விட்டேன். வேண்டுமென்றே விட்ட இடம் என்று தெரிய ஒரு கோடு மட்டும் போட்டேன். இத்தனை வருடமும் என் கொப்பி முழுக்க இப்படியான இடங்கள் கோடில்லாமலே கிடந்திருக்கின்றன.

வைகாசி நாலு நாளுக்கு வந்ததும் மச்சான் பேனையை என்னிடமிருந்து வாங்கினார். நான் "இன்று ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்ததற்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில், "கொக்குக்கும்" என்று எழுதினார்.

பிரதியெடுத்து, உறையின் படத்தோடு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். முத்திரை குத்துவதை நின்று பார்த்தேன். அங்கே இருந்த தபாலதிபர் என்னை அறிந்தவர். "என்ன மாஸ்டர், நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

முடிவு வரும்வரை தோணி இறக்க வேண்டாம் என்று நான் மச்சானிடம் சொல்லவில்லை. சொல்லும் தகுதியை நான் இழந்து நாளாகிறது. பிடித்தால் தண்டமும் தோணி பறிமுதலும் என்று அவருக்கும் தெரியும். அந்தத் தோணியை நம்பித்தான் அவர்களுடைய வீடு முழுக்க.

இன்று காலை அவர் இறங்கினார். பலகையைச் சுற்றிப் போகவில்லை, அதற்குப் பக்கத்தாலேயே தள்ளிக்கொண்டு போனார். இரண்டாவது தோணியும் கூடப் போனது. கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் துடுப்பு அடிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து வலையை உதறியபோது, பலகை அருகே ஒருவன் கழுத்தில் திட்டத்தின் அடையாள அட்டையோடு நின்று கைத்தொலைபேசியில் படம் எடுத்தான். தங்கச்சி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவனைக் கடந்து போனாள். அவள் என்னவோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. அவன் கையை இறக்கினான்.

நான் மதிலடியில் எழும்பி நின்று, அவன் பார்க்கும்படியாகவே கொப்பியைத் திறந்தேன். இன்றைய திகதி. ஏழு மணி பத்து நிமிடம். இரண்டு தோணி, யார் யார், என்ன மீன். படம் எடுத்தவன் நின்ற இடம், நின்ற நேரம். கொக்குகளும் வந்திருந்தன. அவற்றைக் கடைசியில் எழுதினேன்.

அவன் எடுத்த படத்தை வைத்துத் தண்டக் கடிதம் வரும். எந்தத் திகதியில் எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் பார்ப்பேன்.